முழங்கைக்கு என்ன விலை?

அமெரிக்க பேஸ்பால் அணிகள் பிட்சர்களை எடைபோட்டு வாங்கும் குளிர்காலம்

2025 நவம்பர் 1. கனடாவின் டொரோன்டோ நகரில் பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். இரு அணிகளும் தலா மூன்று ஆட்டங்களை வென்றிருந்ததால், அன்று ஜெயிப்பவருக்குத்தான் கோப்பை. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4 என்று சமநிலை. உள்ளூர் அணியான ப்ளூ ஜேஸுக்கு இன்னும் ஒரே ஒரு ரன் போதும். அவர்களுடைய வீரர்கள் இருவர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். அந்த இக்கட்டில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி பந்தைக் கொடுத்தது யோஷினோபு யமமோட்டோவிடம்.

முந்தைய இரவுதான் ஆறு இன்னிங்ஸில் 96 பந்துகள் வீசி, தொடரை ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்து வந்திருந்தார் அவர். அவ்வளவு வீசியவருக்கு வழக்கமாக நான்கைந்து நாள் ஓய்வு கொடுப்பார்கள். யமமோட்டோ ஒரு நாள் ஓய்வுகூட இல்லாமல் வந்து, மேலும் 34 பந்துகள் வீசி, 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று ஆட்டத்தை முடித்துவைத்தார். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அவரை டாட்ஜர்ஸ் ஒப்பந்தம் செய்தது 2023 டிசம்பரில். 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர். அவரை அனுப்பிவைத்த ஜப்பானின் ஓரிக்ஸ் பஃபலோஸ் அணிக்குத் தனியாக ஏறத்தாழ 5.06 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 25. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அதுவரை ஒரு பந்துகூட வீசியதில்லை. எதை நம்பி இவ்வளவு பணத்தை அவர்மீது வைத்தார்கள்? பந்து வீசும் பிட்சர் ஒருவரின் மதிப்பை அணிகள் எப்படிக் கணக்கிடுகின்றன? அந்தக் கணக்கில் எது விட்டுப்போகிறது?

ஏலம் இல்லாத சந்தை

உலகத் தொடர் முடிந்த ஐந்தாவது நாளுக்குப் பிறகு, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர்கள் (ஃப்ரீ ஏஜென்ட்கள்) எந்த அணியுடனும் கையெழுத்திடலாம். அங்கிருந்து பிப்ரவரி நடுவில் அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் பயிற்சி முகாம்கள் தொடங்கும்வரை மூன்று மாதத்துக்கும் மேலாக வியாபாரம் நடக்கும். ஐ.பி.எல். போலச் சுத்தியல் தட்டும் ஏலமோ அடிப்படை விலையோ இங்கே இல்லை. வீரரின் ஏஜென்ட் ஒருபுறம், 30 அணிகளின் நிர்வாகங்கள் மறுபுறம். டிசம்பரில் நடக்கும் குளிர்காலக் கூட்டத்தில் எல்லா அணிகளின் நிர்வாகிகளும் ஒரே இடத்தில் கூடிப் பேசுவார்கள்.

பிட்சருக்கு ஏன் இத்தனை அடிதடி? ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால், வீச வேண்டியவை ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முன்னணி பிட்சரால் இன்று ஆண்டுக்கு 200 இன்னிங்ஸ் வீச முடிந்தாலே அது சாதனை. மிச்சத்தை நிரப்ப ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கைகள் தேவை. எந்தக் கை எப்போது காயப்பட்டு உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே பணக்கார அணி, ஏழை அணி என்ற பேதமில்லாமல் எல்லோரும் குளிர்காலம் முழுக்கக் கை தேடுகிறார்கள்.

எண்ணிக்கையின் ஏமாற்று

முன்பெல்லாம் பிட்சரின் பெருமையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். ஒன்று, அவர் வென்ற ஆட்டங்கள். இன்னொன்று ஈ.ஆர்.ஏ., அதாவது ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ரன்கள். அணியின் பேட்டர்கள் ரன் குவித்தால் மோசமாக வீசியவரும் வெற்றியைத் தன் பெயரில் எழுதிக்கொள்வார். பிழை என்று கணக்கில் வராவிட்டாலும், மந்தமான ஃபீல்டர்கள் பந்தை எட்டத் தவறினால் நன்றாக வீசியவரின் ஈ.ஆர்.ஏ. ஏறிவிடும்.

2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. பந்து மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போய்விட்டால், அது பிடிபடுமா, தரையில் விழுமா என்பதில் பிட்சரின் பங்கு மிகக் குறைவு. ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும்தான் பெரும்பாலும் அதை முடிவுசெய்கிறார்கள் என்றார் அவர். பிட்சரின் கையில் நேரடியாக இருப்பவை மூன்று: பேட்டரை அடிக்கவே விடாமல் வெளியேற்றும் ஸ்ட்ரைக்-அவுட், தவறான பந்துகளால் அவரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பும் வாக், எல்லையைத் தாண்டிப் போகும் ஹோம் ரன். மூத்த ரசிகர்கள் பலர் அன்று இதை ஏற்கவில்லை. இன்று எந்த அணியும் இந்த மூன்றையும் பார்க்காமல் பிட்சரின் விலையைப் பேசுவதில்லை.

அடுத்த பாய்ச்சலைக் கொண்டுவந்தவை கேமராக்கள். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை இயங்குகிறது. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கு நாம் பார்த்துப் பழகிய ஹாக்-ஐ தொழில்நுட்பம் 2020இல் அதில் சேர்ந்தது. பந்து எவ்வளவு வேகத்தில் வந்தது, நிமிடத்துக்கு எத்தனை முறை சுழன்றது, எத்தனை அங்குலம் வளைந்தது, எந்த உயரத்தில் கையை விட்டுப் பிரிந்தது என்பதெல்லாம் பந்துக்குப் பந்து பதிவாகிறது. பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகமான பந்து அந்தத் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.4 வினாடி. அதற்குள் பந்தின் போக்கில் இரண்டு அங்குலம் மாறினாலும் மட்டை காற்றில் சுழலும். அந்த இரண்டு அங்குலத்துக்குத்தான் கோடிகள் கைமாறுகின்றன.

பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள்

2013 டிசம்பரில் கொலராடோ அணி வேண்டாம் என்று கைவிட்ட காலின் மெக்ஹியூவை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ. பார்க்கவே கூசும்படி இருந்தது. ஆனால் அவருடைய கர்வ்பால் மற்றவர்களுடையதைவிட மிக அதிகமாகச் சுழல்வதை ஹூஸ்டனின் ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். அந்தப் பந்தை அதிகமாக வீசச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.73. அதற்கடுத்த ஆண்டு 19 வெற்றிகள்.

இதே கண்ணோட்டத்தில் ஹூஸ்டன் செய்த பெரிய வியாபாரம் கெரிட் கோல். 2017இல் பிட்ஸ்பர்க் அணிக்காக வீசிய அவர் 31 ஹோம் ரன்களை வாங்கியிருந்தார், ஈ.ஆர்.ஏ. 4.26. தாழ்வாக வந்து கீழே இறங்கும் சிங்கர் பந்துகளை நம்பிய அணி அது. 2018 ஜனவரியில் நான்கு வீரர்களைக் கொடுத்துக் கோலை வாங்கிய ஹூஸ்டன், சிங்கரைக் குறைத்து, ஃபாஸ்ட்பாலை உயரமாக வீசச் சொல்லி, கர்வ்பாலைக் கூட்டியது. 2017இல் 196ஆக இருந்த அவருடைய ஸ்ட்ரைக்-அவுட்கள் 2018இல் 276 ஆயின, 2019இல் 326. அந்த டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் ஒன்பது ஆண்டுகளுக்கு 32.4 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது.

அதே கைதான். முக்கியமாக மாறியது எந்தப் பந்தை எங்கே வீசுவது என்ற தேர்வு. அணிகள் இன்று ஒரு பிட்சர் முன்பு என்ன செய்தார் என்பதைவிட, தங்களிடம் வந்தால் என்ன ஆவார் என்பதற்கே விலை கொடுக்கின்றன. எனவே ஒரே பிட்சருக்கு 30 அணிகளும் 30 விலை போடும்.

பணமில்லாதவர்களின் வழி

வாங்குவதற்குப் பணம் மட்டுமே வழியல்ல. வீரர்களைக் கொடுத்து வீரரை வாங்கும் டிரேட் இன்னொரு பெரிய வழி. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடியும்வரை ஒரு வீரர் தன் அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் சில ஆண்டுகளில் சம்பளமும் மிகக் குறைவு. அதனால் திறமையுள்ள இளம் பிட்சர் தங்கத்துக்குச் சமம். 2023 டிசம்பரில் டாம்பா பே ரேஸ் அணி, சம்பளம் ஏறிவிட்ட டைலர் கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ரயன் பெபியோ என்ற இளம் பிட்சரையும் இன்னொரு வீரரையும் பெற்றுக்கொண்டது. பணக்கார அணிக்கு இன்றே ஜெயிக்க ஒரு கை. சிக்கன அணிக்குப் பல ஆண்டுகளுக்குக் குறைந்த விலையில் ஒரு கை.

2024இல் 121 தோல்விகளோடு நொறுங்கிப்போன சிகாகோ வைட் சாக்ஸ், தன்னிடம் இருந்த ஒரே மாணிக்கமான காரெட் க்ரோஷேவை அந்த டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அனுப்பி, நான்கு இளம் வீரர்களை வாங்கியது. 2025இல் க்ரோஷே 205 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 255 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார்.

இன்னும் மலிவான வழி ரூல் 5 டிராஃப்ட். ஓர் அணி தன் பட்டியலில் பாதுகாக்காமல் விட்ட சிறு லீக் வீரரை, ஒரு சிறு தொகை கட்டி இன்னோர் அணி எடுத்துக்கொள்ளலாம். 1999இல் அப்படிக் கைமாறிய யோஹான் சந்தானா, மினசோட்டா அணிக்குப் போய், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வென்றார். கண் இருப்பவருக்கு ஓட்டைச் சட்டியிலும் கொழுக்கட்டை வேகும் என்பதற்கு அவர் சாட்சி.

யமமோட்டோவிடம் எதைப் பார்த்தார்கள்?

ஜப்பானில் இன்னும் தன் அணிக்குக் கட்டுப்பட்டிருக்கும் வீரர் அமெரிக்கா போக, அவருடைய அணி அவரை முறைப்படி விடுவிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததிலிருந்து 45 நாள்களுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். ஒப்பந்தத் தொகையைப் பொறுத்து ஒரு கட்டணத்தை ஜப்பானிய அணிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2023இல் யமமோட்டோவின் பெயர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஸ்கவுட்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அந்த செப்டம்பரில் அவர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசிய ஆட்டத்தை, யாங்கீஸின் பொது மேலாளர் ப்ரையன் கேஷ்மேன் நேரில் போய்ப் பார்த்தார்.

அந்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.21. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பானின் உயரிய பிட்சர் விருதான சவாமுரா. ஆனாலும் தயங்கக் காரணங்கள் இருந்தன. உயரம் சுமார் 178 செ.மீ.; ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களே நிறைந்த உலகில் அது குறைவு. ஜப்பானில் பந்து சற்றே சிறியது, கையில் நன்றாக ஒட்டும். அங்கே தொடக்க பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை வீசினால் போதும்; அமெரிக்காவில் ஐந்தாறு நாளுக்கொரு முறை வீச வேண்டும்.

மறுபுறம், வயது 25தான். ஃப்ரீ ஏஜென்ட்டாகச் சந்தைக்கு வரும் பெரும்பாலான பிட்சர்கள் முப்பதைத் தொட்டிருப்பார்கள். வேகத்தோடு குறி தவறாத கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. பேட்டரின் அருகில் வந்து திடீரென்று விழும் ஸ்ப்ளிட்டர் இருந்தது. ஈட்டி எறிதலையொட்டிய பயிற்சிகளால், கையை மட்டும் நம்பாமல் முழு உடலாலும் பந்தை வீசும் முறையைப் பழகியிருந்தார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கோலுக்கு யாங்கீஸ் கொடுத்ததைவிட 10 லட்சம் டாலர் அதிகமாக எழுதியது டாட்ஜர்ஸ். அந்தக் குளிர்காலத்திலேயே டாட்ஜர்ஸில் சேர்ந்திருந்த ஷோஹெய் ஒட்டானி, பேச்சுவார்த்தைக்கு வந்து தன் நாட்டுக்காரரை வரவேற்றார்.

2024 மார்ச்சில் சியோல் நகரில் யமமோட்டோவின் முதல் ஆட்டம். ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன்களைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். ஜூனில் தோள்பட்டைக் காயம். ஏறத்தாழ மூன்று மாதம் ஆடவில்லை. அவரை அவசரப்படுத்தி இழுத்துவராமல் அணி காத்திருந்தது. அந்தப் பொறுமை 2024 அக்டோபரில் டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றபோதும் பலன் கொடுத்தது, 2025இலும் கொடுத்தது.

ஒப்பந்தத்துக்குள் ஒரு முழங்கை

கிரிக்கெட் பந்துவீச்சாளர் வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் அது விதிமீறல். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. ஓடி வந்து வேகம் சேர்க்கவும் வழியில்லை. நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கிச் சாட்டையாகச் சுழற்ற வேண்டும். அந்த விசையின் பெரும்பங்கை முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறிய தசைநார் தாங்குகிறது.

அது அறுந்தால் ஒரு காலத்தில் வாழ்க்கை முடிந்தது. 1974 செப்டம்பரில் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து தசைநாண் எடுத்து, இடது முழங்கையில் பொருத்தினார் டாக்டர் ஃப்ராங்க் ஜோப். 1976இல் திரும்பி வந்த ஜான் அதன்பிறகு 164 வெற்றிகள் பெற்றார். அந்தச் சிகிச்சைக்கே அவருடைய பெயர் வந்துவிட்டது. ஆனால் மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

எனவே எந்த ஒப்பந்தமும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகுதான் உறுதியாகும். இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த குமார் ராக்கரின் கதை இதற்குச் சான்று. 2021இல் பள்ளி, கல்லூரி வீரர்களுக்கான டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல் ஒதுங்கியது. அடுத்த ஆண்டே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. தோள்பட்டையிலும் பிறகு முழங்கையிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ராக்கர், 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் அடியெடுத்துவைத்தார்.

இந்தப் பயம் ஒப்பந்த வாசகங்களிலும் ஏறிவிட்டது. 2009இல் பாஸ்டன் அணி ஜான் லாக்கியோடு செய்த ஒப்பந்தத்தில், முழங்கைக் காயத்தால் நெடுநாள் ஆட முடியாமல் போனால் குறைந்தபட்சச் சம்பளத்தில் கூடுதலாக ஓராண்டு ஆட வேண்டும் என்று எழுதியிருந்தது. லாக்கியின் முழங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 2015இல் அவர் அப்படித்தான் ஆடினார். யமமோட்டோவின் ஒப்பந்தத்திலும், முழங்கைக்குச் சேதம் வந்தால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமை அவருக்குச் சில ஆண்டுகள் தள்ளிப்போகும் என்ற விதி உண்டு.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் கை ஏமாற்றிவிடும். 2019 உலகத் தொடரின் சிறந்த வீரரான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வாஷிங்டன் அணி ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது. அதன்பிறகு அவரால் ஆட முடிந்தது எட்டே ஆட்டங்கள். ஜேக்கப் டிகிராமுக்கு டெக்சாஸ் 18.5 கோடி கொடுத்த முதல் ஆண்டில் ஆறே ஆட்டங்களோடு அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது; அவர் இல்லாமலேயே அந்த அணி 2023 கோப்பையை வென்றது. 2024இல் டாட்ஜர்ஸ் கோப்பையைத் தொட்டபோது கிளாஸ்னோ முழங்கைக் காயத்தால் ஒதுங்கியிருந்தார். ஒட்டானி அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்ததால் அந்த ஆண்டு பந்தே வீசவில்லை. தொடக்க பிட்சர்கள் மூன்றே பேரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள்.

வேகத்தின் கடன்

இந்தக் கைகள் ஏன் இப்படி உடைகின்றன? மேஜர் லீக்கே ஆய்வு நடத்தி 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2008இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2024இல் 94.2 மைல் ஆகியிருக்கிறது. காயப் பட்டியலில் பிட்சர்கள் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை 2005இல் 212, 2024இல் 485. வேகத்தையும் வளைவையும் துரத்தி, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதே முக்கியக் காரணம் என்கிறது அறிக்கை. கை ஆற வேண்டிய குளிர்காலத்திலும் பிட்சர்கள் வேகம் கூட்டும் பயிற்சியில் இறங்குகிறார்கள். அதனால் வசந்தகால முகாமிலேயே காயங்கள் குவிகின்றன.

வேகம் மட்டுமே பிட்சரை ஆக்காது என்பதற்கு நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டி, வேகமாகப் பந்து எறியும் இளைஞர்களைத் தேடியது. அதில் தேறிய உத்தரப்பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் செய்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் அவர்களுடைய கதைதான். அவர்களுடைய உழைப்பு அசாத்தியமானது. ஆனாலும் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. குறி, நிதானம், பேட்டரைப் படிக்கும் அறிவு ஆகியவை வேகமானியில் தெரிவதில்லை; அவை சேர ஆண்டுகள் ஆகும்.

டாட்ஜர்ஸின் பிட்சிங் பயிற்சியாளர் மார்க் ப்ரையருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2003இல் சிகாகோ கப்ஸுக்காக 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக்-அவுட் என்று நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர். காயங்களால் 25 வயதிலேயே அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துபோனது.

சந்தை எதற்கு விலை கொடுக்கிறதோ அதைத்தான் 15 வயதுப் பையன் பழகுவான். இன்று அது வேகத்துக்கு விலை கொடுக்கிறது. அதனால்தான் பள்ளி மைதானங்களிலும் வேகமானி ஏந்திய பயிற்சியாளர்கள் நிற்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கைகளைத் தேடும் 30 அணிகளும், அந்தக் கைகள் உடையாமல் இருக்கவும் அதே அக்கறையோடு செலவழிக்க வேண்டும். குளிர்காலத்தில் கட்டாய ஓய்வை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நீண்ட இன்னிங்ஸ் வீசுபவருக்கும், வேகத்தைக் குறைத்துக் குறியால் வெல்பவருக்கும் உரிய விலை தர வேண்டும். பள்ளி, கல்லூரி வீரர்களுக்கான வீச்சு வரம்புகளைக் கறாராகக் கடைப்பிடிக்க வைக்க வேண்டும். மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும், காயப்படாத முழங்கைக்கு ஈடான முழங்கையை எந்த அறுவை சிகிச்சையும் உறுதியாகத் தருவதில்லை.